பாலத்துக்கு இந்தப் பக்கம்

வியாழக்கிழமை சாயங்காலம் நாலே முக்காலுக்கு ஈர்லீன் வித்ரீனைப் போலீஸ் மறித்தது, அதுவும் அவள் சொந்த ஊரிலேயே. மேயரின் பெண்டாட்டியை மேயரின் போலீஸே பிடித்த கதை என்று பெத்தி கூலேயில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அன்றைக்கு அவளுக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை.

வண்டியின் பின்னால் பதினொரு சாக்கு கிராஃபிஷ் கிடந்தது. நெல் அறுத்த வயலில் தண்ணீர் கட்டி, கூடு வைத்துப் பிடிக்கிற ஜீவன் அது. இறாலைப் போல உடம்பு, நண்டைப் போலக் கொடுக்கு. தவக்காலத்தில் லூயிசியானா முழுக்க வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது என்பதால் அதற்கு வருகிற கிராக்கியைச் சொல்லி முடியாது. காலை ஐந்து மணியிலிருந்து மேயரான அவள் புருஷன் ஓவி வயலில் படகோட்டிக் கூடு கூடாகத் தூக்கிக் கொட்டியதை, தான் ஓட்டுகிற பள்ளிக்கூட பஸ்ஸை வீட்டில் விட்டுவிட்டு வந்து ஈர்லீன்தான் வியாபாரியிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வியாபாரி ஐந்து மணிக்குக் கதவைச் சாத்துவான். வெயில் வேறு அந்த வருஷம் மார்ச்சிலேயே மே மாதத்து வெயிலாக அடித்தது. சாக்கின் மேல் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றியும், உள்ளே கொடுக்குகள் உரசுகிற சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

அவர்களுடைய வண்டி கிளம்பாமல் மக்கர் செய்ததால், பக்கத்து ஊரிலிருக்கும் தங்கை வீட்டு வண்டியை இரவல் வாங்கி வந்திருந்தாள். அதுதான் வினையாகப் போயிற்று.

நெல் காயவைக்கும் மில்லுக்குப் பின்னாலிருந்து வந்து மறித்த போலீஸ்காரன் பெயர் டெவின் பெல்லார். ஜனவரியில் பழைய போலீஸ்காரர் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்தவன். வயது இருபத்தாறு. சட்டை மடிப்புக் கலையாமல், தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"மேடம், எவ்வளவு வேகத்துல வந்தீங்கன்னு தெரியுமா?"

"எங்க தெரியுது. வேகம் காட்டற முள்ளு செத்துப்போச்சு. தங்கச்சி வீட்டு வண்டி இது."

"அம்பத்தி நாலு மேடம். இங்க முப்பத்தஞ்சுதான்."

"சரி தம்பி. சீக்கிரம் எழுது. பின்னால சாகுது."

"யாரு மேடம்?" என்று பதறிப்போய்ப் பின்னால் எட்டிப் பார்த்தான். சாக்குகளைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டான். லைசன்ஸை வாங்கிப் பெயரைப் படித்தான். வித்ரீன் என்ற பெயர் அவனை ஒன்றும் யோசிக்க வைக்கவில்லை. அந்தப் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஒரு வித்ரீன் தலையில்தான் விழும். தான் மேயரின் மனைவி என்று ஈர்லீனும் வாயைத் திறக்கவில்லை. அப்படிச் சொல்லிப் பிழைக்கிறவள் இல்லை அவள்.

சீட்டை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி நாலு நிமிஷம். வியாபாரி பாதிக் கதவைச் சாத்தியிருந்தான். மூன்று சாக்கைச் செத்தது என்று தள்ளிவிட்டான்.

ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் அந்தச் சீட்டை மேஜையில் வைத்தாள். கை கழுவிவிட்டு வந்த ஓவி அதைப் படித்து முதலில் வயிறு குலுங்கச் சிரித்தான். அறுபத்தோரு வயது, தொப்பை பெரிதாக இருந்ததால் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"உன்னையா? நம்ம டெவினா? நீ யாருன்னு சொல்லலையா?"

"அவன் கேக்கல."

"லிஸ்ட்டு குடுத்திருக்கேனே, ஷா. மறிக்கக் கூடாதுன்னு ஊர்ல இருக்கற நூத்திப் பன்னெண்டு வண்டி நம்பரும் அவன் கார்ல ஒட்டியிருக்கு."

"தங்கச்சி வண்டி அதுல இல்லையே."

ஷா என்றால் அந்த ஊரில் கண்ணே என்று அர்த்தம். ஓவி சந்தோஷமாக இருந்தாலும் சொல்லுவான், மாட்டிக்கொண்டாலும் சொல்லுவான்.

பெத்தி கூலேயின் பிழைப்பு இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. முந்நூற்று எண்பது தலைகள், ஒரு கோயில், ஒரு மில், குடலில் சோறும் பன்றி இறைச்சியும் அடைத்த பூதான் விற்கிற ஒரு பெட்ரோல் பங்க். வேறு வருமானம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் டெக்சாஸிலிருந்து சூதாட்டக் கப்பலுக்குப் போகிறவர்களும், எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போகிறவர்களும் ஊரைக் கிழித்துக்கொண்டு போகிற நெடுஞ்சாலை இருந்தது. ஐம்பத்தைந்தில் வருகிறவன் சட்டென்று முப்பத்தைந்துக்கு இறங்க வேண்டும். இறங்காதவன் கொடுக்கிற காசில்தான் போலீஸ்காரனுக்குச் சம்பளம், கிளார்க் யூனாவுக்குச் சம்பளம், ஊர்த் தண்ணீர்க் கிணற்று மோட்டாருக்குப் பழுது பார்க்கிற செலவு எல்லாம். மாதம் ஒரு புதன்கிழமை தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, அந்தக் கொட்டகையில் மடக்கு நாற்காலி போட்டு மேயர் கோர்ட்டு நடக்கும். மேயரே நீதிபதி. "உங்க உயிருக்காகத்தான் சொல்றேன்" என்று ஆரம்பித்துத்தான் ஓவி ஒவ்வொருவருக்கும் தீர்ப்புச் சொல்லுவான். அறுபது டாலர் கூடக் கொடுத்தால் வேகத்துக்குப் பதில் சீட் பெல்ட் போடவில்லை என்று மாற்றி எழுதிக் கொடுப்பார்கள். லைசன்ஸில் கறை படாது, ஊருக்கும் காசு கூட வரும், எல்லாருக்கும் சிரித்த முகம்.

"கிழிச்சுப் போட்டுடு," என்றாள் ஈர்லீன்.

சீட்டின் கீழே அச்சாகியிருந்த நீள நம்பரைப் பார்த்ததும்தான் ஓவியின் சிரிப்பு நின்றது.

"முடியாது. இது புது மெஷின். அவன் அழுத்தினவுடனே மாநிலத்துக்குப் போயிடுது."

"அப்ப சீட் பெல்ட்டுன்னு மாத்து."

"நீ பஸ் லைசன்ஸ்காரி. உனக்கு மாத்தக் கூடாதுன்னு சட்டம். மாத்தினா என் தலைய எடுப்பாங்க."

சோறும் குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன. இருபத்தேழு வருஷமாக ஈர்லீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். வேக எல்லையை விடப் பதினைந்து மைல் தாண்டி ஓட்டியதாகத் தீர்ப்பானால், சொந்த வண்டியாகவே இருந்தாலும் சரி, பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள். போன வருஷம் வேறொரு டிரைவருக்கு அப்படித்தான் நடந்தது. பஸ் போனால் சம்பளம் மட்டுமா போகும், மருத்துவ இன்சூரன்ஸும் போகும். ஓவியின் நெஞ்சுக்குள் இரண்டு குழாய் வைத்திருக்கிறது. ஒரு மாத மாத்திரையின் விலையை மருந்துக்கடைக்காரி ஒரு தடவை சொன்னபோது இரண்டு பேரும் அங்கேயிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"என் தப்புதான்," என்றாள் ஈர்லீன். "சாக்கு சாகுதேன்னு மிதிச்சுட்டேன் போல. ஆனா ஊருக்குள்ள நுழையற பாலத்துகிட்ட என் காலு தானா பிரேக்குக்குப் போயிடும் ஓவி. தூக்கத்துல ஓட்டினாலும் போகும். எப்படி விட்டேன்னு தெரியல."

ஓவி குனிந்து, பிசைந்த சோற்றையே மறுபடியும் பிசைந்தான். அவன் ஏன் நிமிரவில்லை என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. அவன் நெஞ்சைப் பற்றித்தான் யோசித்தாள்.

மறுநாள் காலை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேற்கிலிருந்து ஊருக்குள் வரும்போது, பாலத்துக்கு முன்னால் வழக்கம்போல் அவள் கால் பிரேக்குக்குப் போயிற்று. அப்போதுதான் கண்ணில் பட்டது. முப்பத்தைந்து என்று எழுதிய வேகப் பலகை பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றது. பாலம் வருவதற்கு நானூறு அடி முன்னாலேயே, தனியாக, வயலோரத்தில். அவளுக்குத் தெரிந்த நாளிலிருந்து அது பாலம் தாண்டி, மில் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற பலகை. ஊர்க்காரர்களை யாரும் பிடிப்பதில்லை என்பதால் ஊர்க்காரர்கள் யாரும் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அவளும் அந்த லட்சணம்தான்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, காலி பஸ்ஸை மில் கேட்டில் நிறுத்தி இறங்கிப் பார்த்தாள். பழைய குழி அப்படியே இருந்தது. சுற்றிலும் புல், உள்ளே மழைத் தண்ணீர், ஒரு பீர் டப்பா. அங்கே நின்றபடி பாலத்துக்கு அப்பால் பார்த்தாள். இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல். ஒரு வீடு கிடையாது, ஒரு தபால் பெட்டி கிடையாது. அந்த இடத்தில் சாலையைக் கடக்கிற ஜீவன் என்று பார்த்தால் கொக்குகள் மட்டும்தான்.

மார்டி கிரா நினைவுக்கு வந்தது. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள் முகமூடி போட்டுக் குதிரையேறி, வீடு வீடாகப் போய்ப் பாடி ஆடிக் கோழி பிடிக்கிற கூத்து. கூட்டத்துக்குப் பின்னால் பாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்த வண்டி பலகையை இடித்துச் சாய்த்துவிட்டது என்று ஊரே பேசியது. மறுநாள் திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பலும் தலைக்குள் இடியுமாக நாலு பேர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பலகை நடப் போனார்கள். அந்த நாலு பேரில் ஒருவன் ஓவி.

அன்று சாயங்காலம் அவித்த கிராஃபிஷைச் செய்தித்தாளில் கொட்டி, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து உரித்தார்கள். மறுநாள் தங்கை குடும்பம் சாப்பிட வருகிறது. தலையைத் திருகி, வாலை நசுக்கி, சதையை இழுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். ஓவியின் கை வேகமான கை. அன்றைக்கு அவள்தான் முந்திக்கொண்டிருந்தாள்.

"பலகைய எங்க நட்டீங்க?" என்றாள் ஈர்லீன்.

"எந்தப் பலகை?"

"ஓவி."

அவன் ஒன்றை உரித்து முடித்தான். "தப்பான பக்கத்துல நட்டுட்டோம். விழுந்து கிடந்தத யாரோ இழுத்துப் போட்டிருக்காங்க. கிடந்த இடத்துலயே நட்டுட்டோம். எங்கள்ல ஒருத்தனுக்கும் கண்ணு தெரியற நெலம இல்ல அன்னிக்கு."

"அது சரி. குடிச்ச ஆளுங்க வேற எப்படி நடுவாங்க. உனக்கு எப்பத் தெரியும்?"

"எது?"

"தப்பான எடம்னு எப்பத் தெரியும்னு கேக்கறேன்."

"ரெண்டாவது வாரம்," என்றான் கிண்ணத்தைப் பார்த்தபடி. "டெவினோட சீட்டு ரோல் தீந்துபோச்சு, புதுசு வாங்கணும்னு யூனா வந்து கேட்டா. மூணு மாசம் வர்ற ரோல் அது. என்னடா இதுன்னு போய்ப் பாத்தேன்."

"பாத்துட்டு?"

"மோட்டாரு போன கோடையில ரெண்டு தடவ நின்னுச்சு, ஷா. கோயிலுக்குப் பின்னால இருக்கற வீடுங்களுக்கு ஆறு நாள் தண்ணி இல்ல. நான்தானே வீடு வீடா வாளி கொண்டுபோய்க் குடுத்தேன். புது மோட்டாரு முப்பத்தெட்டாயிரம். யாரு குடுப்பா? அதான், ரெண்டு மாசம் இருக்கட்டும், ஈஸ்டர் கழிச்சு மாத்திடலாம்னு விட்டுட்டேன். வேகத்தக் குறைக்கறது நல்லதுதானே. எங்க குறைச்சா என்ன?"

"அங்க யாரு இருக்கா? கொக்கா?"

"ஊருக்குள்ள வரும்போதே மெதுவா வருவானில்ல."

"வந்துட்டு, போலீச தாண்டிட்டோம்னு கெழக்குப் பக்கம் போய் மிதிக்கறான். கில்லரி வீட்டு வளைவுல நான் தெனமும் ஆறு நாப்பதுக்கு பஸ்ஸ நிறுத்தறேன். செவப்பு விளக்கு எரியுது, கை நீட்டுற பலகை நீட்டியிருக்கு, அப்பவும் பக்கத்துல உரசிட்டுப் போறான். அந்த வீட்டு ரெட்டப் புள்ளைங்களோட அம்மா நடு ரோட்டுல கைய விரிச்சுகிட்டு நிக்கறா. எத்தன தடவ சொன்னேன், போலீச அங்க நிறுத்துன்னு? என்ன சொன்ன நீ?"

ஓவிக்கு ஞாபகம் இருந்தது. போலீஸ் காரைப் பார்த்தால் எல்லாரும் மெதுவாகத்தான் வருவார்கள், ஒரு சீட்டுக்கூட எழுத முடியாது என்று சொல்லியிருந்தான்.

"நூத்திப் பன்னெண்டு வண்டி லிஸ்ட்டு வேற," என்றாள். "தெரிஞ்ச நம்பர் மோதினா புள்ள சாகாதா?"

அவன் நெற்றியை முழங்கையால் துடைத்துக்கொண்டான். கையில் மிளகாய்க் காரம்.

ஈர்லீனுக்கு ஆத்திரம் பொங்கியது உண்மை. ஆனால் அவள் ஒன்றும் துறவி இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "சரி, என்னோடத மட்டும் எடுத்துவிட்டுடு ஓவி. மத்தது எப்படியோ போகட்டும்," என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை.

"குத்தமில்லன்னு தீர்ப்பெழுதினா காரணம் எழுதணும். காரணம் அந்தப் பலகைதான். அத எழுதிட்டா உன்னோடது மட்டுமா போகும்? சாம்பல் புதனுக்கு அப்புறம் எழுதின அத்தனையும் போகும். வாங்கின காசத் திருப்பணும். தெரிஞ்சே விட்டேன்னு எல்லாருக்கும் தெரியும்."

"எழுதாட்டி?"

"நான் விசாரிக்க மாட்டேன்னு ஒதுங்கிகிட்டு, கேச பெரிய கோர்ட்டுக்கு அனுப்பலாம். ஜூன்ல எடுப்பாங்க. கேஸ் அங்க இருக்கறவரைக்கும் உன்ன பஸ்ல விட மாட்டாங்க."

"ஜூன்ல பள்ளிக்கூடமே இருக்காது. உன் மாத்திரை?"

"மாத்திரை இல்லாம கொஞ்ச நாள் இருந்துக்கறேன்."

"இரு. செத்துப் போ, மேயராவே," என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஈர்லீன் எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் அவர்கள் பேசியதெல்லாம் வயலைப் பற்றியும் கூட்டுக்குள் வைக்கிற இரை மீனைப் பற்றியும்தான். சனிக்கிழமை தங்கை குடும்பம் வந்து சாப்பிட்டுவிட்டு, சமையல் பிரமாதம் என்றது. குருத்தோலை ஞாயிறன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ஓவி வழக்கத்தைவிட முன்னாலேயே வயலுக்குப் போனான். என்ன செய்யப் போகிறான் என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் பஸ்ஸை எடுக்கும்போது, இன்னும் இத்தனை நாள்தானோ என்று ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிள்ளைகளின் மேல் அத்தனை பாசம் இருந்ததா என்று கேட்டால், பாதிப் பேரை அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் அந்த வேலை பிடிக்கும். கரடுமுரடான அந்த சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்வது.

புதன்கிழமை ஆறு மணிக்குக் கொட்டகை நிறைந்துவிட்டது. வழக்கமாகப் பதினைந்து பேர் வருகிற கோர்ட்டுக்கு அன்று ஐம்பது பேருக்கு மேல். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். ஈர்லீன் நடு வரிசையில், நீல உடுப்புப் போட்ட ஒரு நர்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு எவ்வளவு?" என்று நர்ஸ் மெல்லக் கேட்டாள்.

"அம்பத்தி நாலு. உனக்கு?"

"எனக்கு ரெண்டு சீட்டு. ஒரே வாரத்துல. ஆஸ்பத்திரிக்குப் போற வழி இதுதான், என்ன பண்றது. அந்த மேயரப் பாருங்க, எப்படிக் கொழுத்திருக்கான். எல்லாம் நம்ம காசு."

"அது காசுல வந்ததில்லம்மா. ராத்திரி மூணு தட்டு சாப்பிடுவாரு," என்றாள் ஈர்லீன்.

நர்ஸ் அவளைத் திரும்பி ஒரு மாதிரி பார்த்தாள்.

வாசலில் டை கட்டிக்கொண்டு நின்ற ஓவி உள்ளே வந்து உட்கார்ந்தான். யூனா கோப்புகளை அடுக்கி வைத்தாள். எப்போதும் ஊர் சம்பந்தப்பட்டதைக் கடைசியில்தான் எடுப்பார்கள். அன்று ஓவி அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை உருவி மேலே வைத்தான்.

"ஈர்லீன் வித்ரீன்."

அவள் எழுந்தாள்.

"இது என் சம்சாரம்," என்று ஓவி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். "நான் இத விசாரிக்கறதுல யாருக்காவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லுங்க."

"எனக்கு இருக்கு," என்றாள் நர்ஸ். "ஆனா முதல்ல நீங்க என்ன சொல்றீங்கன்னு கேக்கறேன். அப்புறம் சொல்றேன்."

கொட்டகையில் சிரிப்பு எழுந்து அடங்கியது. ஓவி டெவினைக் கூப்பிட்டான்.

"இவங்க வேகத்த எந்த எடத்துல அளந்த?"

"பாலத்துக்கு மேக்கால சார். பலகைக்கும் பாலத்துக்கும் நடுவுல."

"எப்பவும் அங்கதான் அளப்பியா?"

"ஆமா சார். அங்கதான் நெறைய மாட்டுவாங்க." சொல்லிவிட்டு டெவின் காதுவரை சிவந்தான்.

"அந்தப் பலகைய யாரு நட்டதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். நெடுஞ்சாலைத் துறையா இருக்கும்."

"இல்ல. நான்தான் நட்டேன். திருநீற்றுப் புதன் அன்னிக்கு, கூட மூணு பேரு. ஒருத்தனுக்கும் தெளியல. மாநிலம் குடுத்த இடம் பாலம் தாண்டி மில் கேட்டுகிட்ட. நான் நட்ட இடத்துல சட்டப்படி அம்பத்தஞ்சு. இவங்க அம்பத்தி நாலுல வந்திருக்காங்க. குத்தமில்ல." பேனாவை எடுத்து எழுதினான். எழுதி முடிக்கிறவரை தலை நிமிரவில்லை. "அடுத்தது," என்றான்.

ஈர்லீன் உட்காரவில்லை.

அவளுடையது முடிந்துவிட்டது. பஸ் தப்பித்தது, மாத்திரை தப்பித்தது. வீட்டுக்குப் போகலாம். ஆனாலும் நின்றாள். ஓவி அடுத்த கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். முப்பத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவனுக்கு அந்தப் பார்வை புரியாதா என்ன.

"என்னோடதும் அங்கதான் எழுதினாங்க," என்றாள் நர்ஸ், நிதானமாக. "ரெண்டுமே."

"எனக்கும்," என்றது சுவரோரத்திலிருந்து ஒரு குரல். பிறகு இன்னொன்று.

ஓவி கோப்பைக் கீழே வைத்தான். டையைத் தளர்த்தினான். அவன் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்து ஈர்லீன் ஒரு கணம் பயந்துபோனாள்.

"எல்லாத்தையும் தள்ளுபடி பண்றேன்," என்றான். "சாம்பல் புதனுக்கு அப்புறம் பாலத்துக்கு மேக்கால எழுதின ஒவ்வொண்ணும். பணம் கட்டினவங்களுக்கு யூனா திருப்பி அனுப்புவா. தப்பான எடம்னு எனக்குத் தெரியும். அஞ்சு வாரமாத் தெரியும். எங்க ஊர்ல தண்ணி மோட்டாரு வாங்கணும், அதான் விட்டு வெச்சேன். உங்க உயிருக்காகன்னு உங்ககிட்ட சொன்னேன். அந்தப் பலகைய அதுக்காக விட்டு வெக்கல. மன்னிச்சுக்குங்க."

எண்ணெய்க் கிணற்று ஆள் ஒருவன், "மோட்டாரு வாங்கற அளவுக்கா வந்துச்சு?" என்று உண்மையான ஆவலோடு கேட்டான்.

"பாதி," என்றாள் யூனா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

திட்டியவர்களும் இருந்தார்கள், நாற்காலியை உதைத்துவிட்டுப் போனவன் ஒருவன் இருந்தான். ஆனால் பெரும்பாலோர் கையில் கட்ட வேண்டிய பணத்தோடு வந்தவர்கள், கட்டாமல் போகிற சந்தோஷத்தில் பங்கில் நின்று பூதான் வாங்கிக்கொண்டு போனார்கள். நர்ஸ் போகும்போது ஈர்லீனிடம், "ஆட்சேபணை இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு நடந்துதான் வந்தார்கள். பொழுது இன்னும் சாயவில்லை. வயல் தண்ணீரில் வெளிச்சம் கிடந்தது. பாதி வழியில் ஓவி வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நெஞ்சா?" என்றாள் பதறி.

"இல்ல ஷா. அஞ்சு வாரத்துல இப்பதான் மூச்சு ஒழுங்கா உள்ள போகுது. அதான் நின்னு விடறேன்."

அவள் அவன் முதுகில் ஒரு குத்து விட்டாள். பிறகு அதே கையை அங்கேயே வைத்துக்கொண்டு நடந்தாள். ஐந்து நாள் கோபத்துக்கு அது போதும் என்று தோன்றியது. அவளுக்கும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியிருந்தது.

பெரிய வெள்ளியன்று காலையில் ஓவியும் டெவினும் பலகையைப் பிடுங்கிப் பழைய குழியிலேயே நட்டார்கள். இந்தத் தடவை இருவரும் காப்பிதான் குடித்திருந்தார்கள். மத்தியானம் கோயில் மைதானத்தில் பெரிய அண்டாவில் கிராஃபிஷ் வெந்துகொண்டிருக்க, ஓவி பெஞ்சின் மேல் ஏறி நின்று தண்ணீர் வரியை மாதம் பதினொரு டாலர் கூட்ட வேண்டும் என்றான். ஊர் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டியது.

"உன் பலகைக்கு நாங்க தண்டம் அழணுமா?" என்றார் மில்காரர்.

"நம்ம குழாயில வர்ற தண்ணிக்கு டெக்சாஸ்காரனா காசு குடுப்பான்?" என்றாள் ஈர்லீன், சோளத்தைக் கடித்துக்கொண்டே. "இத்தன நாளு குடுத்தான். கும்பிடு போட்டு அனுப்பியாச்சு. பதினோரு டாலரு, நீ வாரத்துக்கு பீருக்கு வைக்கறத விடக் கம்மி."

மில்காரர் தன் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். முனகிக்கொண்டே எட்டு டாலருக்கு ஒத்துக்கொண்டார்கள். அடுத்த தேர்தலில் ஓவிக்கு ஓட்டுப் போடுவதில்லை என்றும் பலர் ஒத்துக்கொண்டார்கள்.

அண்டாவுக்குப் பக்கத்தில் டெவின் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். ஈர்லீன் போய் அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி அள்ளிப் போட்டாள்.

"மேடம், அன்னிக்கு உங்க மூணு சாக்கு..."

"விடு. நீ எழுதாம இருந்திருந்தா பலகை எடம் மாறினது எனக்குத் தெரிஞ்சே இருக்காது. இனிமே காலைல ஆறு முப்பதுக்கு கில்லரி வீட்டு வளைவுக்கு வா. காரை நல்லாத் தெரியற மாதிரி நிறுத்து."

"தெரியற மாதிரி நின்னா எல்லாரும் மெதுவா வருவாங்களே. ஒண்ணுகூட எழுத முடியாது."

"ஆமா," என்றாள் ஈர்லீன். "எழுத வேண்டாம்."

அவன் யோசித்தான். "மேயரு சொல்லணுமே."

"சொல்லுவாரு."

ஈஸ்டர் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த காலையில் மூடுபனி தரையோடு படிந்திருந்தது. ஆறு நாற்பதுக்கு ஈர்லீன் வளைவில் பஸ்ஸை நிறுத்திச் சிவப்பு விளக்கைப் போட்டாள். எதிரே புல்லோரத்தில் டெவினின் கார் எல்லாருக்கும் தெரியும்படி நின்றது. டெக்சாஸ் நம்பர் போட்ட ஒரு பெரிய லாரி வளைவில் வந்தது, வேகம் குறைந்தது, பஸ்ஸுக்கு ஐம்பது அடி தள்ளி முழுசாக நின்றது. டிரைவர் காப்பி குடித்துக்கொண்டு காத்திருந்தான். இரட்டைப் பிள்ளைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சாலையைக் கடந்தன. அவர்களுடைய அம்மா வீட்டு வாசலிலேயே, இரவு உடுப்போடு, ஒரு கையில் பல் பிரஷ்ஷும் மறு கையில் கோப்பையுமாக நின்றாள். சாலைக்கு வரவில்லை.

படியேறிய இரட்டையரில் பெரியவள் பாதியில் நின்றாள்.

"மிஸ் ஈர்லீன், நீங்க ஜெயில்ல இல்லையா?"

"யாரு சொன்னா ஜெயிலுன்னு?"

"எங்க மாமா. மேயரு உங்கள ஜெயில்ல போடுவாருன்னு சொன்னாரு."

"போட்டாரு. அப்புறம் சமைக்க ஆளில்லன்னு விட்டுட்டாரு. போய் உக்காரு."

பிள்ளை அதை நம்பித் தலையாட்டிவிட்டு உள்ளே போயிற்று. ஈர்லீன் கதவை மூடினாள், விளக்கை அணைத்தாள். எதிரே லாரிக்காரன் கையை உயர்த்தினான், அவளும் உயர்த்தினாள். கண் நிறைந்து சாலை கலங்கியது. துடைத்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"மிஸ் ஈர்லீன், பஸ் போகலையா?" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

"போகுது, போகுது," என்று சொல்லி கியரைப் போட்டாள்.